ஹாண்டில் அடித்த காலமும் சார்ள்ஸ் கெட்டரிங்கும்

பனி கொட்டிய ஒரு மாசி மாதக் காலையில், நாம் கணக்குப் பார்க்கும் சிறிய கராஜ் ஒன்றின் ஆண்டுக் கணக்கை முடித்துக்கொண்டிருந்தோம். செலவுச் சிட்டைகளில் ஸ்ராட்டர் மோட்டர் என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. கடுங்குளிரில் பற்றரியும் ஸ்ராட்டரும் பழுதாவது கனடாவில் புதினம் இல்லை. ஆனாலும் அந்தச் சொல்லைப் பதியும்போது எமது மனம் 1990களின் யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டது.

பொருளாதாரத் தடைக் காலம் அது. பெற்றோல் கிடையாது. பற்றரி தடை செய்யப்பட்ட பொருள். ஊரில் மிஞ்சியிருந்த பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சிறு போத்தலில் பொத்தி வைத்திருந்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு, முன்பக்கத்தில் ஹாண்டிலைக் கொழுவி, குனிந்து நின்று சுற்றினால்தான் எஞ்சின் உயிர் பெறும். உலகம் எப்போதோ கைவிட்ட ஒரு வேலையை நாங்கள் புதிதாகப் பழகினோம்.

எங்கள் ஊரில் வாடகைக் கார் ஓட்டிய ஐயா ஒருவர் இளையவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது கையை எப்படி வைப்பது என்பதைத்தான். பெருவிரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கத்தில் வைக்க வேண்டும். ஹாண்டிலைச் சுற்றிப் பிடிக்கக் கூடாது. கீழிருந்து மேலே இழுக்க வேண்டுமே தவிர, மேலிருந்து கீழே அமத்தக் கூடாது. ஏன் என்று கேட்டால் தனது வலது மணிக்கட்டைக் காட்டுவார். ஒருமுறை ஹாண்டில் திருப்பி அடித்ததில் முறிந்த எலும்பு, கோணலாகப் பொருந்திப்போயிருந்தது.

அப்படியான மணிக்கட்டுகள் ஒரு காலத்தில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சாதாரணமாக இருந்தன. அவற்றை இல்லாமற் செய்ததில் முதன்மையானவர் சார்ள்ஸ் கெட்டரிங். அவருடைய பெயரை இன்று எம்மவர்களில் பலர் ஒரு புற்றுநோய் வைத்தியசாலையின் பெயரில் மட்டும் கேள்விப்பட்டிருப்பார்கள். அவருடைய வாழ்க்கையைக் கணக்கு எழுதுபவர்களின் கண்ணோடு பார்க்க விரும்புகிறோம். ஏனென்றால் வரவும் பற்றும் இரண்டும் கனத்த பேரேடு அது.

கண்பார்வை குறைந்த பண்ணைப் பையன்

கெட்டரிங் 1876 ஓகஸ்ட் 29 இல், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் லவுடன்வில் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு பண்ணையில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் நான்காமவர். சிறுவயதிலிருந்தே கண்பார்வை மோசம். கொஞ்ச நேரம் புத்தகம் பிடித்தாலே தலை வெடிக்கும். பள்ளிப் படிப்பு முடிந்ததும் கிராமத்துப் பாடசாலையில் ஆசிரியராக இருந்தார். பிறகு ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். கண் இடம் கொடுக்கவில்லை. படிப்பை இடையில் விட்டுவிட்டு, தொலைபேசிக் கம்பம் நடும் கூட்டத்தில் வேலைக்குப் போனார்.

கம்பம் நட்டுக் கம்பி இழுத்த அந்த வேலையில்தான் மின்சாரம் அவருக்குக் கைவந்தது. தொலைபேசி இணைப்பகத்தில் வேலை செய்த ஒலிவ் வில்லியம்ஸைச் சந்தித்ததும் அந்தக் காலத்தில்தான். 1905 இல் அவரையே மணம் முடித்தார். பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிப் போனபோது சக மாணவர்கள் பாடங்களை வாசித்துக் காட்ட, காதால் கேட்டுப் படித்தார். 1904 இல் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 27. இடைநடுவில் படிப்பை விட்டு, வயது போய்ப் பட்டம் எடுத்தவர்கள் எம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பக்கம் நன்றாக விளங்கும்.

காசுப்பெட்டி கற்றுக்கொடுத்த பாடம்

பட்டம் பெற்ற கையோடு ஒஹையோவின் டேட்டன் நகரில் நஷனல் காஷ் ரெஜிஸ்ரர் நிறுவனத்தில் சேர்ந்தார். கடைகளில் காசு வாங்கும்போது மணியடித்துத் திறக்கும் காசுப்பெட்டியைச் செய்த நிறுவனம் அது. அதன் பிறப்புக் கதை கணக்காளர்களுக்குப் பிடித்தமானது. டேட்டனில் மதுச்சாலை நடத்திய ஜேம்ஸ் ரிட்டி என்பவர், வேலையாட்கள் கல்லாப்பெட்டியில் கை வைப்பதைத் தடுக்க 1879 இல் உருவாக்கிய இயந்திரம்தான் அதன் மூலம். விற்பனை ஒவ்வொன்றும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி பதிவாக வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

கெட்டரிங் சேர்ந்த காலத்தில் அந்தப் பெட்டியைக் கையால் ஒரு பிடியைச் சுற்றித்தான் இயக்க வேண்டும். அதற்கு மின்மோட்டர் பொருத்தச் சொன்னார்கள். மற்றப் பொறியியலாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தால், அவ்வளவு பலம் தரும் மோட்டர் காசுப்பெட்டியை விடப் பெரிதாக வந்தது. கெட்டரிங் வேறு விதமாக யோசித்தார். மோட்டர் நாள் முழுவதும் ஓடப்போவதில்லை. ஒரு நொடி பலமாகத் திருப்பிவிட்டு ஓய்ந்துவிடும். சிறிய மோட்டரின் மேல் அதன் தகுதிக்கு மிஞ்சிய சுமையை ஒரு நொடி ஏற்றினாலும் அது சூடாகிக் கருகுவதற்குள் வேலை முடிந்துவிடும். 1906 அளவில் மின்சாரக் காசுப்பெட்டி தயாராகிவிட்டது. அந்த நிறுவனத்தில் இருந்த ஐந்து வருடங்களில் 20க்கு மேற்பட்ட காப்புரிமைகள் அவர் பெயரில் வந்தன.

அங்கே மூத்த அதிகாரியாக இருந்த எட்வர்ட் டீட்ஸ் அவருக்கு நண்பரானார். டீட்ஸின் வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய வைக்கோல் கொட்டகை இருந்தது. பகல் வேலை முடிந்ததும் சில தோழர்கள் அங்கே கூடி மோட்டர் வாகனங்களுக்கான மின்கருவிகளைச் செய்து பார்த்தார்கள். முதலில் செய்தது சீரான தீப்பொறி தரும் ஒரு பற்றவைப்புக் கருவி. கடிலாக் கார் நிறுவனத்தின் தலைவர் ஹென்றி லீலண்ட் 1909 இல் அதில் 8,000 வாங்க ஒப்புக்கொண்டார். அந்த ஒரு கட்டளையை வைத்து டெல்கோ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். கெட்டரிங் மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு அதில் இறங்கினார்.

ஹாண்டில் ஏன் திருப்பி அடிக்கிறது?

பெற்றோல் எஞ்சின் தானாகப் புறப்படாது. பிஸ்டன் மேலே வந்து காற்றையும் எரிபொருளையும் நெருக்க வேண்டும். அந்த நேரத்தில் தீப்பொறி விழ வேண்டும். அந்த முதல் நெருக்கலைக் கொடுப்பதற்குத்தான் ஹாண்டில். அதன் முனையில் ஒருபக்கம் சரிந்த பற்கள் இருக்கும். நாம் சுற்றும்போது அவை எஞ்சின் அச்சைக் கவ்விக்கொள்ளும். எஞ்சின் ஓடத் தொடங்கி எமது கையை விட வேகமாகச் சுழன்றால், சரிந்த பக்கம் ஹாண்டிலை வெளியே தள்ளிவிடும். முன்னோக்கி ஓடும் எஞ்சினிடமிருந்து கையைக் காப்பாற்றும் ஏற்பாடு இது.

ஆபத்து மறுபக்கத்தில் இருந்தது. எஞ்சின் வேகமாக ஓடும்போது, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பாகவே தீப்பொறி விழ வேண்டும். வாயு எரிந்து முடிக்கச் சிறிது நேரம் எடுப்பதே காரணம். ஆனால் கையால் சுற்றும்போது எஞ்சின் மெதுவாகத்தான் அசைகிறது. அப்போதும் தீப்பொறி முந்தி விழுந்தால், உச்சிக்கு ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டனை வெடிப்பு கீழே திருப்பி அடிக்கும். அச்சு பின்னோக்கிச் சுழலும். பின்னோக்கிச் சுழலும் அச்சைப் பற்கள் விடுவதில்லை, இறுக்கிக் கவ்வுகின்றன. எஞ்சினின் முழுப் பலமும் ஹாண்டில் வழியாக மனிதரின் கையில் இறங்கும். மணிக்கட்டு, முழங்கை, தோள், சில வேளை தாடை எலும்பு என்று எதுவும் முறியலாம். கையை நெருங்கியது விட்டாலும், சுழலும் இரும்பு முகத்தில் அடிக்கும்.

இதனால்தான் பழைய கார்களின் சுக்கானுக்கு அருகே தீப்பொறியின் நேரத்தை மாற்றும் ஒரு சிறு நெம்பு இருந்தது. ஹாண்டில் அடிக்கும் முன் அதைப் பிந்திய நிலைக்குத் தள்ள வேண்டும். மழையிலோ அவசரத்திலோ ஒருநாள் மறந்தால் கை போய்விடும். மணிக்கட்டில் பெருவிரல் பக்கத்து எலும்பின் முனை முறிவதற்கு மருத்துவர்கள் சோபர் முறிவு என்றே பெயர் வைத்தார்கள். சோபர் என்றால் கார்ச் சாரதி. அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பழைய பொருள் கொதிகலனுக்கு நெருப்பு மூட்டுபவர். அந்த முறிவின் பெயர் இன்றும் எலும்பு மருத்துவப் புத்தகங்களில் இருக்கிறது.

பாதுகாப்புக் கருவிகள் வராமல் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் முதல் பதினைந்து ஆண்டுகளில் பாதுகாப்பு ஹாண்டில்களுக்கு ஏராளமான காப்புரிமைகள் பதிவாகின. அவற்றின் வேலையை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது வகையில், ஹாண்டிலை உள்ளே தள்ளும்போதே ஒரு கம்பி தீப்பொறி நெம்பைப் பிந்திய நிலைக்கு இழுத்துவிடும். மனிதர் மறந்தாலும் கம்பி மறக்காது. இரண்டாவது வகையில், ஹாண்டில் ஒரு துளி பின்னோக்கி அசைந்ததும் காரின் சட்டத்தில் உள்ள ஒரு கொக்கி அதைப் பிடித்துக்கொள்ளும். அதே அசைவில் பற்கள் விலகிவிடும். அச்சு பின்னோக்கிப் போனாலும் ஹாண்டில் அசையாது நிற்கும். மூன்றாவது வகை அச்சையே பின்னோக்கிச் சுழலவிடாமல் பூட்டுவது. அதில் அடி மனிதருக்குப் பதிலாக இரும்பில் விழும்.

நல்ல யோசனைகள்தான். ஆனால் இவை எல்லாவற்றிலும் மனிதர் எஞ்சினின் முன்னால் குனிந்து நின்றுகொண்டே இருந்தார். சேறும் தண்ணீரும் தெறிக்கும் இடத்தில் இருந்த ஒரு சிறு வில்லையும் கொக்கியையும் நம்பித்தான் அவருடைய கை இருந்தது. தவிர, அது விலை கொடுத்துச் சேர்க்க வேண்டிய மேலதிகப் பொருளாகவே பெரும்பாலும் இருந்தது. காரின் விலைப்பட்டியலில் ஹாண்டிலுக்கு இடம் இருந்தது. கை முறிந்தால் ஆகும் வைத்தியச் செலவும் போன சம்பளமும் கார் செய்தவரின் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. கவனமில்லாத சாரதி என்று ஒரு சொல்லோடு முடிந்துவிடும்.

லீலண்டின் கவலை

1843 இல் பிறந்த லீலண்ட் நுணுக்கத்துக்குப் பெயர்போன இயந்திர வல்லுநர். 1908 இல் இங்கிலாந்தின் புறூக்லண்ட்ஸ் ஓட்டத்திடலில் மூன்று கடிலாக் கார்களைக் கழற்றி, பாகங்களைக் கலந்துவிட்டு, மறுபடி பூட்டி ஓட்டிக் காட்டினார்கள். அதற்காக டுவார் கிண்ணம் கிடைத்தது. அப்படிப்பட்டவருக்குத் தன் காரைப் புறப்படச் செய்யவே ஒருவர் எலும்பைப் பணயம் வைக்க வேண்டும் என்பது பொறுக்கவில்லை.

இதைப் பற்றி ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. டெட்ரோயிட்டில் பாலம் ஒன்றின் மேல் ஒரு பெண்ணின் கடிலாக் கார் நின்றுவிட்டதாம். அவ்வழியே வந்த பைரன் கார்ட்டர் உதவி செய்ய இறங்கினாராம். அவரும் கார் செய்பவர், லீலண்டின் நண்பர். தீப்பொறி நெம்பைப் பின்னுக்குத் தள்ள அந்தப் பெண் மறந்துவிட, ஹாண்டில் திருப்பி அடித்து அவருடைய தாடையை உடைத்ததாம். அதன் தொடர்ச்சியாக அவர் இறந்துபோனாராம். லீலண்ட் கலங்கிப்போய்த் தனது காரால் இனி யாரும் சாகக் கூடாது என்று முடிவெடுத்தாராம்.

கணக்குப் பார்த்துப் பழகியவர்களுக்குத் திகதி பொருந்தாவிட்டால் உறுத்தும். கார்ட்டர் இறந்தது 1908 இல். ஆனால் இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலர் சம்பவத்தை 1910 குளிர்காலத்தில் வைக்கிறார்கள். ஆகவே பாலத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒவ்வொன்றையும் நாம் உறுதிசெய்யப்போவதில்லை. லீலண்ட் ஹாண்டிலை ஒழிக்க விரும்பினார், தனது பொறியியலாளர்களையும் கெட்டரிங்கையும் அதற்கு ஏவினார் என்பது மட்டும் நிச்சயம். நாளாந்தம் முறிந்த பெயர் தெரியாத கைகளை விட, ஒரு முதலாளியின் நண்பருடைய மரணம்தான் கதையாக நிலைத்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஒரே மோட்டர், இரண்டு வேலை

ஹாண்டில் இல்லாமல் எஞ்சினைக் கிளப்ப முயன்றவர்கள் முன்பும் இருந்தார்கள். அமுக்கிய காற்று, முறுக்கிய வில், அசற்றிலீன் வாயு எல்லாவற்றையும் முயன்று பார்த்தார்கள். மின்மோட்டரைக் கூடச் சிலர் முயன்றிருந்தார்கள். அமெரிக்காவில் கிளைட் கோல்மன் என்பவர் 1903 இல் அதற்குக் காப்புரிமையே பெற்றிருந்தார். பாரம், செலவு, நம்பிக்கையின்மை என்று ஏதோ ஒன்று எல்லாவற்றையும் தடுத்தது. எஞ்சினைத் திருப்பக்கூடிய மோட்டரும் பற்றரியும் காருக்குள் அடங்காது என்பதே பொதுவான எண்ணம்.

காசுப்பெட்டியில் படித்த பாடத்தைக் கெட்டரிங் இங்கே எடுத்தார். எஞ்சினைக் கிளப்புவது சில நொடி வேலை. அந்தச் சில நொடிக்குச் சிறிய மோட்டர் பெருஞ்சுமை தாங்கும். பற்சில்லுகளால் அதன் வேகத்தைக் குறைத்துப் பலத்தைப் பெருக்கினார். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அது மோட்டரை இழுத்துச் சிதறடிக்காமல் இருக்க, ஒரு பக்கம் மட்டும் பிடித்து மறுபக்கம் நழுவும் கிளச் வைத்தார். பாதுகாப்பு ஹாண்டில் செய்தவர்கள் தேடிய அதே குணம்தான் அது. இப்போது அது மனிதரின் கையை விட்டுவிட்டு மோட்டரைக் காத்தது.

அடுத்த யோசனை இன்னும் சிறந்தது. எஞ்சின் ஓடத் தொடங்கிய பின் அதே மோட்டரை எஞ்சின் சுற்றும். சுற்றப்படும் மோட்டர் மின்சாரத்தைப் பிறப்பிக்கும். எடுத்த மின்சாரம் பற்றரிக்குத் திரும்பிப் போகும். விளக்குகளும் அதிலேயே எரியும். பற்றரியின் பகுதிகளை இணைக்கும் முறையை மாற்றி, கிளப்பும்போது 24 வோல்ற், மற்ற நேரம் 6 வோல்ற் என்று அமைத்தார்கள். கடன் எடுத்து, வேலையை முடித்து, உடனே கடனைத் திருப்பிச் செலுத்தும் ஒழுங்கான ஐந்தொகை போல இருந்தது அந்த ஏற்பாடு.

1911 பெப்ரவரியில் கடிலாக் காரில் அது வேலை செய்வதைக் காட்டினார்கள். லீலண்ட் 1912 ஆம் ஆண்டு மாதிரிக் கார்களுக்கு 12,000 ஸ்ராட்டர்கள் கேட்டார். கொட்டகையில் இருந்தவர்கள் தொழிற்சாலை தேட வேண்டியதாயிற்று. கடிலாக்குக்கு இரண்டாவது முறையாக டுவார் கிண்ணம் கிடைத்தது. 1911 இல் விண்ணப்பித்த காப்புரிமை 1915 ஓகஸ்டில் கெட்டரிங்கின் பெயருக்கு வந்தது.

அதன் விளைவு பெரிது. ஹாண்டிலுக்குப் பயந்தவர்கள் அதுவரை பற்றரியில் ஓடும் கார்களை வாங்கினார்கள். பெற்றோல் கார்களின் மன்னரான ஹென்றி ஃபோர்ட்டின் மனைவி கிளாரா கூட அப்படியான மின்சாரக் கார் ஒன்றைத்தான் ஓட்டினார். ஸ்ராட்டர் பரவியதும் மின்சாரக் கார்களின் சந்தை தேய்ந்துபோனது. பெண்களும் வயதானவர்களும் யாரையும் எதிர்பாராமல் பெற்றோல் காரைக் கிளப்ப முடிந்தது. மலிவான ஃபோர்ட் மொடல் ரி காருக்கு 1919 இல்தான் ஸ்ராட்டர் வந்தது. அதுவரை வசதி குறைந்தவர்களே ஹாண்டில் அடித்தார்கள், அவர்களின் கைகளே முறிந்தன.

பேரேட்டின் மறுபக்கம்

இந்த இடத்தில் நிறுத்தினால் கெட்டரிங்கின் கதை பாராட்டு விழாப் பேச்சாகிவிடும். தொடர்ந்து எழுத வேண்டும்.

ஸ்ராட்டர் வந்ததும் கை வலிமையைப் பற்றிய கவலை இல்லாமல் பெரிய எஞ்சின்களைச் செய்ய முடிந்தது. கூடிய நெருக்கம் கொடுத்த எஞ்சின்களில் ஒரு தட்டல் சத்தம் வந்தது. எரிபொருள் சீராக எரியாமல் சிலிண்டருக்குள் வெடித்துத் தட்டும் நொக்கிங் அது. தடைக் காலத்தில் மண்ணெண்ணெய்க் கார்களுக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். கெட்டரிங்கின் பற்றவைப்புக் கருவிதான் காரணம் என்று சிலர் பழி சொன்னார்கள். பண்ணை வீடுகளுக்காக 1916 இல் டெல்கோ செய்து விற்ற, மண்ணெண்ணெயில் ஓடும் மின்பிறப்பாக்கியிலும் அதே தட்டல் இருந்தது. தன் மேல் விழுந்த பழியைத் தீர்க்கவும் வேண்டியிருந்ததால், தோமஸ் மிட்ஜ்லி என்ற இளம் பொறியியலாளரை அந்த ஆராய்ச்சியில் இறக்கினார்.

டெல்கோ பின்னர் ஜெனரல் மோட்டர்ஸுக்குள் போய்விட்டது. 1920 இல் கெட்டரிங் அதன் ஆராய்ச்சிப் பிரிவின் தலைவரானார். 1947 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அவருடைய ஆய்வுகூடத்தில் 1921 டிசம்பர் 9 ஆம் திகதி மிட்ஜ்லி விடையைக் கண்டார். ஈயம் கலந்த ஒரு திரவத்தைப் பெற்றோலில் சில துளி சேர்த்தால் தட்டல் நின்றுவிடும். ஈயம் நஞ்சு என்பது அன்று புதிய செய்தி அல்ல, உரோமர் காலத்திலிருந்து தெரிந்தது. அல்கஹோல் கலந்தாலும் தட்டல் குறையும் என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது. ஆனால் யாரும் வடிக்கக்கூடிய அல்கஹோலுக்குக் காப்புரிமை எடுக்க முடியாது. ஈயக் கலவை மலிவு, இலாபமும் கையில் நிற்கும். விற்பனைக்கு வைத்த பெயர் எதைல். அந்தப் பெயரில் ஈயம் என்ற சொல் இல்லை.

1923 பெப்ரவரியில் டேட்டனிலேயே முதல் விற்பனை தொடங்கியது. 1924 இல் இதற்கென்று உருவான நிறுவனத்துக்குக் கெட்டரிங் முதல் தலைவரானார். அதே ஆண்டு டேட்டனில் இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். ஒக்டோபரில் நியூ ஜேர்சியின் பேவே சுத்திகரிப்பு நிலையத்தில் ஈயக் கலவை செய்தவர்களில் 5 பேர் சித்தம் கலங்கி இறந்தார்கள். 30க்கு மேற்பட்டோர் நோயுற்றார்கள். 1925 மே மாதம் வாஷிங்டனில் அரசு கூட்டிய மாநாட்டில் கெட்டரிங் இந்தப் பொருள் தேவை என்று வாதாடினார். தொழில் நோய்களில் அமெரிக்காவின் முதன்மையான மருத்துவரும் ஹாவார்டின் முதற் பெண் ஆசிரியருமான அலிஸ் ஹாமில்ரன் அதை எதிர்த்தார். சில மாத ஆய்வின் பின், தடை செய்யப் போதிய காரணம் இல்லை என்று குழு ஒன்று சொன்னது. 1926 இல் விற்பனை மறுபடி தொடங்கியது.

அதன் பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு உலகின் கார்கள் ஈயத்தைக் கக்கின. எங்கள் சிறுவயதுத் தெருக்களிலும் அதே புகைதான். சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கிறது என்பது பின்னர் ஐயமின்றி நிறுவப்பட்டது. பூமியின் வயதைக் கணித்த கிளையர் பற்றர்சன் என்ற விஞ்ஞானி 1965 இல் எழுப்பிய எச்சரிக்கைக்குப் பிறகும் பல வருடங்கள் எடுத்தன. அமெரிக்கா வீதி வாகனங்களுக்கு 1996 இல் முற்றாகத் தடை செய்தது. கடைசி நாடாக அல்ஜீரியா 2021 இல் நிறுத்தியது.

ஹாண்டில் முறித்த கையைக் காரின் முன்னால் நின்ற எல்லோரும் கண்டார்கள். ஈயம் செய்த சேதம் கண்ணுக்குத் தெரியாமல் வந்தது. ஆனாலும் டேட்டனிலும் பேவேயிலும் இறந்தவர்கள் கண்ணுக்குத் தெரிந்தவர்களே. ஹாமில்ரன் நேரிலேயே சொன்னார். அதைப் பேரேட்டில் ஏற்றாமல் விட்டது தெரியாமல் நடந்த தவறு என்று எம்மால் எழுத முடியவில்லை.

முதுமையும் மிச்சமும்

கெட்டரிங் அதோடு நிற்கவில்லை. தண்ணீருக்குப் பதிலாகச் செம்புத் தகடுகளால் குளிர்விக்கும் எஞ்சின் ஒன்றைச் செய்து 1923 இல் பெருந்தோல்வி கண்டார். விற்ற கார்களையெல்லாம் திருப்பி அழைக்க வேண்டி வந்தது. பதவி விலகவும் முன்வந்தார், நிறுவனம் விடவில்லை. புகையிரதங்களுக்கான இரண்டடி டீசல் எஞ்சினில் வெற்றி கண்டார். 1934 மே 26 இல் செபர் என்ற புகையிரதம் டென்வரிலிருந்து சிக்காகோவுக்கு நிற்காமல் ஓடி நீராவி யுகத்தின் முடிவை அறிவித்தபோது, அதற்குள் இருந்தது அவருடைய ஆய்வுகூடத்தின் எஞ்சின். அவருடைய மகன் யூஜினும் அந்த வேலையில் இருந்தார்.

அந்த வழியில் வந்த எஞ்சினை எம்மவர்கள் பலர் நேரில் கண்டிருக்கிறோம். கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954 முதல் கனடா இலங்கைக்குக் கொடுத்த ஜெனரல் மோட்டர்ஸ் டீசல் புகையிரத எஞ்சின்கள் அவை. ஒன்ராறியோ, அல்பேட்டா என்று கனேடிய மாகாணங்களின் பெயர்களைச் சுமந்து யாழ்தேவியை இழுத்தவை. அவற்றில் எஞ்சினைக் கிளப்பத் தனி மோட்டர் கிடையாது. மின்சாரம் பிறப்பிக்கும் அதே இயந்திரத்துக்குப் பற்றரியிலிருந்து மின்சாரம் கொடுத்தால் அதுவே எஞ்சினைத் திருப்பிவிடும். 1911 இல் டேட்டன் கொட்டகையில் பிறந்த அதே யோசனை. காங்கேசன்துறை வண்டிக்குக் காத்து நின்ற எங்களுக்கு அது தெரியாது.

1945 இல் ஜெனரல் மோட்டர்ஸ் தலைவர் அல்பிரட் ஸ்லோனும் கெட்டரிங்கும் சேர்ந்து நியூ யோர்க்கில் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார்கள். இன்று அது உலகின் தலைசிறந்த புற்றுநோய் நிலையங்களில் ஒன்று. 1946 இல் மனைவி ஒலிவ் காலமானார். 1958 நவம்பரில், 82 ஆவது வயதில், கெட்டரிங் டேட்டனில் இறந்தார். அவர் பெயரில் 180க்கு மேற்பட்ட காப்புரிமைகள் இருந்தன. டேட்டனுக்கு அருகே ஒரு நகரமே அவருடைய பெயரைச் சுமக்கிறது.

கணக்கியலில் மாணவர்களுக்கு ஆரம்பத்திலேயே சொல்லித்தரும் விதி ஒன்று உண்டு. ஒரு பொறுப்பை ஒரு சொத்தோடு கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் காட்டக் கூடாது. இரண்டையும் தனித்தனியே, முழுத் தொகையாகக் காட்ட வேண்டும். கெட்டரிங்கின் ஸ்ராட்டரையும் புற்றுநோய் நிலையத்தையும் ஈயத்தோடு கழித்துப் பார்த்து, நல்லவரா கெட்டவரா என்று ஒரு வரியில் விடை சொல்வதை நாம் தவிர்க்கிறோம். காப்பாற்றிய கைகள் உண்மை. கெட்டுப்போன காற்றும் உண்மை. முதலாவதைச் சாதிக்க முடிந்தது, லீலண்ட் அந்தக் காயத்தைத் தனது நிறுவனத்தின் கடனாக ஏற்றுக்கொண்டதால். இரண்டாவது நீடித்தது, அதை எவரும் தமது கடனாக ஏற்காததால்.

அந்தக் காலையில் கராஜ் கணக்கை மூடிவிட்டு வெளியே வந்தோம். வெளியே இருபது பாகை மறை. சாவியைத் திருப்பியதும் கார் முனகிக்கொண்டு கிளம்பியது. பிள்ளைகளின் கார்களில் சாவி கூட இல்லை, ஒரு பொத்தான்தான். ஊரில் அந்த வாடகைக் கார் ஐயா கடைசிவரை கார் ஓட்டித்தான் பிழைத்தார். மாரியில் மணிக்கட்டு வலிக்கும்போது நல்லெண்ணெய் தடவித் துணி சுற்றிக்கொள்வார். அந்த வலிக்கு அவரிடம் ஒருவரும் பற்றுச்சீட்டு கேட்டதில்லை. எந்த ஏட்டிலும் அது பதியப்படவும் இல்லை. இங்கே பதிந்து வைக்கிறோம்.